வேண்டுதல் தாடி

கேள்வி: எனக்கு வயது 38, திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம். கீழ்த்தாடையில் வலியில்லாத வீக்கம். ஒருமுறை சுரண்டி எடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் திரும்ப வந்துவிட்டது. பயாப்ஸியில் அமெலோபிளாஸ்டோமா, கேன்சர் இல்லை என்று வந்திருக்கிறது. ஆனாலும் தாடையில் ஒரு துண்டையே எடுத்துவிட்டு, கால் எலும்பை வைக்க வேண்டுமாம். மறுபடி சுரண்டினால் போதாதா? காலில் எலும்பு போனால் சேற்றில் இறங்க முடியுமா? சம்பா அறுப்பு முடியட்டும் என்று பார்க்கிறேன். மனைவி பயப்படுவாள் என்று சொல்லவில்லை. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டுதல் என்று தாடி விட்டிருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் அந்தத் தாடிக்கு வருவோம். நோய் தீர்க்கிற சாமியின் பெயரைச் சொல்லியே நோயை மறைத்திருக்கிறீர்கள். தினம் உங்களுக்குச் சோறு போடுகிற மனைவிக்கு, நீங்கள் ஒரு பக்கமாகவே மெல்வது தெரியாதா? தெரிந்திருக்கும். வேண்டுதல் என்றதும் வாயை மூடிக்கொண்டிருப்பார். பயப்படுவது அவரில்லை, நீங்கள்.

சுரண்டல் ஏன் போதாது? பல் எனாமலை உண்டாக்கும் திசுவிலிருந்து கிளம்புகிற கட்டி இது. வரப்பில் நண்டு வளை போட்ட மாதிரி எலும்புக்குள் கிளை கிளையாக ஓடும். வளையின் வாயில் மட்டும் சேறு அப்பினால் வயலில் தண்ணீர் நிற்குமா? அதனால்தான் கட்டியைச் சுற்றி 1 முதல் 2 செ.மீ. நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறார்கள். கேன்சர் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வெட்ட வேண்டிய துண்டுதான் நீளும்.

காலில் எடுப்பது கெண்டைக்கால் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு. உடம்பைத் தாங்குவது பக்கத்திலிருக்கும் பெரிய எலும்பு, அதைத் தொடமாட்டார்கள். நடக்கலாம். சேற்றில் எப்போது இறங்கலாம் என்று அறுவை செய்கிறவரையே கேளுங்கள்.

அறுப்புக்கு ஆள் கிடைக்கும், மிஷின் கிடைக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கில் குழாய் வைத்திருக்கும் நாட்களில் கஞ்சித் தண்ணீர் ஊற்ற யாரை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? காப்பீட்டு அட்டை யார் பெட்டியில் இருக்கிறது? அதன் பிறகும் வருஷங்கள் கழித்துத் திரும்பக்கூடிய கட்டி இது. பத்து வருஷத்துக்கு மேலும் எக்ஸ்ரே, ஸ்கேன் என்று போய்வர வேண்டியிருக்கும். அத்தனை வருஷத்துக்கும் வேண்டுதல் சொல்வீர்களா? கட்டிக்கொண்டவரிடம் உடம்பை மறைப்பதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாளைக் காலை திண்ணையில் உட்கார்ந்து சவரம் செய்யுங்கள். கண்ணாடியை அவரையே பிடிக்கச் சொல்லுங்கள்.