பச்சைக் கட்டியா, வைரப் பசையா?

கேள்வி: சில மாதங்களாகச் சாணைக்கல்லில் கத்தி தீட்டிப் பழகுகிறேன். கடைசியில் தோலில் இழுத்தால்தான் கூர் முழுமையாகும் என்றார்கள். மரக்கட்டையில் ஒட்டிய தோல்பட்டை ஒன்று வாங்கிவிட்டேன். அதில் எதைப் பூசுவது என்றுதான் தெரியவில்லை. பச்சை, வெள்ளை, சிவப்பு என்று மெழுகுக் கட்டிகள், ஊசிக்குழலில் வைரப் பசை, தெளிப்பதற்கு வைரத் திரவம் என்று ஏகப்பட்டது விற்கிறார்கள். சிராங்கூன் சாலையில் நகை வேலை பார்த்த பெரியப்பாவின் சிவப்புக் கட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதுவே போதாதா? என்னிடம் இருப்பது ஒரு ஜெர்மன் சமையல் கத்தி, விஜி-10 எஃகில் செய்த ஒரு ஜப்பானியக் கத்தி, அம்மாவின் அரிவாள்மனை.
வாசகர், ஈசூன்

பதில்: பெரியப்பாவின் கட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கத்திக்கு வேண்டாம். அது இரும்பு ஆக்சைடு. தங்கம், வெள்ளி போன்ற மென்மையான உலோகத்தை மினுக்க அதற்கு நிகர் இல்லை. கடினப்படுத்திய எஃகில் அது மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். கை வலிக்க இழுத்தாலும் கூர் கிடைக்காது, பளபளப்புதான் மிஞ்சும்.

உங்கள் மூன்றுக்கும் பச்சைக் கட்டி ஒன்றே போதும். செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த காலம் தொட்டு என் வீட்டுக் கத்திகளுக்கும் அதுதான்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எந்த நிறத்துக்குள் எந்தப் பொடி என்று பொது விதி கிடையாது. பச்சை என்றால் பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு, வெள்ளை என்றால் அலுமினியம் ஆக்சைடு, அவ்வளவுதான் சொல்ல முடியும். அட்டையில் என்ன பொடி, எத்தனை மைக்ரான் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல குரோமியம் ஆக்சைடை 0.5 மைக்ரான் என்று விற்பார்கள். மலிவான பச்சைக் கட்டிகளில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், துகளும் பெரிதாக இருக்கும். சவரக்கத்திக்கு அது ஆகாது. சமையல் கத்திக்கு அது குறையே இல்லை, சொல்லப்போனால் வேலை கொஞ்சம் சீக்கிரமே முடியும்.

வைரம் எப்போது தேவை? எஃகில் வனேடியம் என்ற உலோகம் அதிகமாகக் கலந்திருந்தால் தேவை. எஸ்30வி எஃகில் 4 சதவீதம் வனேடியம், எஸ்90வி-யில் 9 சதவீதம். மடக்குக் கத்தி ஆர்வலர்கள் இவற்றைத் தேடி வாங்குவார்கள். எஃகுக்குள் வனேடியம் கரியோடு சேர்ந்து, வனேடியம் கார்பைடு என்ற சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். பச்சைப் பொடியைவிடவும் வெள்ளைப் பொடியைவிடவும் அந்த மணிகள் கடினம். ஆகவே பொடி சுற்றியுள்ள எஃகைத்தான் தேய்க்கும், மணிகள் அப்படியே நிற்கும். வைரம் இரண்டையும் வெட்டும். அப்படி ஒரு கத்தி வாங்கினால் 1 மைக்ரான் வைரப் பசை வாங்குங்கள், அதற்குத் தனித் தோல் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வைரம் வேகமாகத் தின்னும். கோணம் பழகாத கையில் அது கூரை உருட்டிவிடும்.

பூசுவது எளிது. தோலைக் கொஞ்சம் சூடாக்குங்கள், தலைமுடி உலர்த்தும் கருவி போதும். கட்டியை அதன் மேல் லேசாகக் கிறுக்குங்கள். தோலின் நிறம் இடையிடையே தெரிய வேண்டும். பச்சைப் பெயின்ட் அடித்த மாதிரி தடித்திருந்தால் கத்தியின் முதுகால் வழித்து எடுத்துவிடுங்கள். தடிப்பு கூடினால் மெழுகுதான் வழுக்கும், பொடி வேலை செய்யாது.

இழுக்கும்போது முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர வேண்டும். கல்லில் பிடித்த அதே கோணம், ஜெர்மன் கத்திக்குச் சுமார் 20 பாகை, ஜப்பானியக் கத்திக்கு 15. கத்தியின் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் போதும். அதற்கு மேல் அழுத்தினால் தோல் அமுங்கி, விலகியதும் கூரைச் சுற்றி எழும்பும். கூர் மழுங்குவது அங்கேதான். ஒரு பக்கத்துக்குப் பத்து இழுப்பு போதும். பச்சையின் மேல் மெல்லிய கறுப்புக் கோடுகள் விழுவதைப் பாருங்கள், அது உங்கள் கத்தியின் எஃகு. கோடு விழுந்தால் பொடி வெட்டுகிறது என்று அர்த்தம். கத்தியின் நுனி வரும்போது கோடு நின்றுபோனால் அங்கே கையைத் தூக்குகிறீர்கள்.

அரிவாள்மனையைத் தூக்கி இழுக்க முடியாது. சின்ன மரத்துண்டில் தோல் ஒட்டி, மனையை அசையாமல் வைத்து, தோலை அலகின் மேல் ஓட்டுங்கள். அலகின் முதுகிலிருந்து கூரை நோக்கித்தான் ஓட்ட வேண்டும், எதிர்த்திசை வேண்டவே வேண்டாம். விரல் மரத்தின் முதுகில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கல்லில் தீட்டும்போது கூரின் ஓரத்தில் எழும் மெல்லிய உலோகப் பிசிறைக் கல்லிலேயே முடித்துவிட்டு வாருங்கள். கூரை ஒட்டிப் பஞ்சை வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் பிசிறு இன்னும் இருக்கிறது. ஜெர்மன் கத்தியின் எஃகு சற்று மென்மையானது, பிசிறு ஒடியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடங்கிக்கொண்டே இருக்கும். திரும்பவும் கல்லுக்குப் போய் மிக லேசாக மாறி மாறி இரண்டு இழுப்பு. எந்தக் கட்டியும் இந்த வேலைக்கு ஈடு கட்டாது.

கேள்வி: தோலில் நன்றாக இழுத்த பிறகு என் கத்தி தமிழ் முரசுத் தாளைச் சத்தமில்லாமல் வெட்டுகிறது. ஆனால் தக்காளித் தோலில் வழுக்குகிறது. ஏன்?
வாசகி, தெம்பனீஸ்

பதில்: கூர் அதிகமாக மினுங்கிவிட்டது. தக்காளித் தோலும் மீன் தோலும் அறுபட, கூரில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பற்கள் வேண்டும். 6000 எண் போட்ட மிக நைசான கல்லில் தீட்டி, அதன் மேல் பச்சையில் ஐம்பது அறுபது இழுப்பு போட்டால் அந்தப் பற்கள் போய்விடும். அதைவிடச் சொரசொரப்பான 1000 எண் கல்லோடு நிறுத்தி, தோலில் பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு மட்டும் போட்டுப் பாருங்கள். தேக்கா சந்தையில் மீன் வெட்டுபவர்களின் கத்தி அலகு கண்ணாடி மாதிரி மின்னாது, வஞ்சிரத்தின் தோலில் நிற்காமல் இறங்கும். தாள் வெட்டுவதை வைத்துச் சமையல் கத்தியை எடைபோடாதீர்கள். அழுத்தாமல் தக்காளியில் வைத்து இழுங்கள், அதுதான் சரியான சோதனை.

கேள்வி: தோல்பட்டை விறைத்துப்போய், மேலே பூஞ்சையும் பிடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? பச்சைக் கட்டிக்குப் பதில் குத்துவிளக்கு துலக்கும் திரவத்தைப் போடலாமா?
வாசகர், ஜூரோங்

பதில்: இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், தோலும் பிசுபிசுக்கும். வேண்டுமானால் வாசனையில்லாத மினரல் ஆயில் இரண்டு சொட்டு. விளக்குத் துலக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கும், சமையல் கத்திக்குப் பக்கத்தில் அது எதற்கு? பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்து, தோலை நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம், ஆகையால் கழுவுதொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைக்காமல் கூடத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். தோலில் இழுத்த கத்தியை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே காய் நறுக்குங்கள்.