கருவுற்ற முதல் வாரங்களில் புரோஜெஸ்டரோன்

கேள்வி: எனக்கு வயது 29. சென்ற ஆண்டு இரண்டாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. இப்போது மீண்டும் கருவுற்று ஏழாவது வாரம். போன கிழமை இலேசாக இரத்தம் பட்டதால் ஸ்கான் செய்த மகப்பேற்று நிபுணர், கருவின் இதயத்துடிப்பு இருப்பதாகச் சொல்லி, 400 மில்லிகிராம் புரோஜெஸ்டரோனைக் காலையும் இரவும் யோனிக்குள் வைக்கும்படி தந்திருக்கிறார். ஹோர்மோன் மருந்தால் பிள்ளை குறையோடு பிறக்கும் என்று மாமி அஞ்சுகிறார். போதாததற்கு, கருவுற்றது தெரியாமல், பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவுக்காக நாள் தள்ளிப்போடும் குளிசையையும் ஐந்து நாட்கள் எடுத்துவிட்டேன்.
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: மாமியின் அச்சம் வெறும் கட்டுக்கதையில் பிறந்ததல்ல. கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் மேற்கு நாடுகளில் பல்லாண்டு காலம் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்ட டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல், அவர்களுக்குப் பிறந்த பெண் பிள்ளைகள் சிலருக்கு இளவயதிலேயே யோனிப் புற்றுநோயை உண்டாக்கியது 1971இல் தெரியவந்தது. ஆனால் அது செயற்கை ஈஸ்ட்ரோஜன். உங்களுக்குத் தரப்பட்டதோ, சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சட்சடலம் இந்த வாரங்களில் தானே சுரந்துகொண்டிருக்கும் அதே பொருள். ஏறத்தாழ ஏழாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரத்துக்குள் அந்த வேலையை நச்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது. 'ஹோர்மோன்' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பமும்.

பாதுகாப்பு ஒன்று, பயன் வேறொன்று. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தம் பட்ட 4153 பெண்களிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், உங்களுக்குத் தந்த அதே அளவு மருந்து பெற்றவர்களில் 75 சதவீதத்தினரும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தேதும் இல்லாத போலி மருந்து பெற்றவர்களில் 72 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இதைத் திட்டவட்டமான பயன் என்று சொல்ல முடியாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருச்சிதைவு கண்டவர்களிடையே மட்டும் அந்த இடைவெளி 72 சதவீதத்துக்கு 57 சதவீதம் என விரிந்தது. பிறவிக் குறைபாடுகள் மருந்து பெற்றோரிடம் கூடவில்லை. இதையடுத்து 2021இல் வந்த பிரித்தானிய வழிகாட்டல், முன்பு ஒருமுறையேனும் கரு கலைந்து, இப்போது இரத்தமும் பட்டு, கரு கருப்பைக்குள்ளேயே இருப்பது ஸ்கானில் உறுதியானவர்களுக்கு இம்மருந்தைத் தரலாம் என்றும், இதயத்துடிப்பு உறுதியானால் 16 வாரம் நிறையும்வரை தொடரலாம் என்றும் கூறுகிறது. நீங்கள் அந்த வரையறைக்குள் வருகிறீர்கள். ஆனாலும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் நிறமூர்த்தப் பிழையால் நேர்பவை. அவற்றை எந்த மருந்தாலும் தடுக்க இயலாது என்பதை மாமிக்கும் சொல்லிவையுங்கள், பின்னர் உங்களையோ மருந்தையோ யாரும் குற்றம் சொல்லாதிருக்க.

திருவிழாக் குளிசை பெரும்பாலும் நோரெதிஸ்ரரோனாக இருக்கும். ஆண் ஹோர்மோன் சாயல் சிறிது கொண்ட இம்மருந்தைக் கர்ப்ப காலத்தில் தருவதில்லை. முன்னர் அதிக அளவில் நீண்ட நாட்கள் எடுத்தவர்களின் பெண் சிசுக்களில் பிறப்புறுப்பு மாற்றங்கள் காணப்பட்டதே காரணம். நீங்கள் எடுத்ததோ சில நாட்கள், அதுவும் அந்த உறுப்புகள் உருவாகத் தொடங்குவதற்கு முன்னர். கவலைப்பட வேண்டியதில்லை, கருவைக் கலைக்கவும் இது காரணமாகாது. ஆயினும் குளிசையின் வெற்று அட்டையைக் கிளினிக்குக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். கோவிலுக்காகப் பாமசியில் கேட்டவுடன் இதை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடானதல்ல.

மருந்தை வைத்தபின் வெண்மையாகவோ எண்ணெய்ப் பசையாகவோ உள்ளாடையில் கசிவது இயல்பு. இரவு வேளை மருந்தைப் படுக்கப்போகும்போது வைத்தால் தொல்லை குறையும். இவ்வகை மருந்துகள் சிலவற்றில் கடலை எண்ணெயோ சோயாப் பொருளோ சேர்க்கப்படுவதால், அவை உங்களுக்கு ஒவ்வாதவையானால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நாள் முழுவதும் படுத்தே கிடக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சுகாதாரத் துவாய் முழுவதும் நனையுமளவு இரத்தம் போனாலோ, வயிற்றின் ஒரு பக்கத்திலோ தோள்பட்டை நுனியிலோ கடும் வலி வந்தாலோ, மயக்கம் வந்தாலோ, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.