ஆசிட், பிளீச், மண்ணெண்ணெய், பெட்ரோல்: எதோடு எதைக் கலக்கலாம்?

மேலூர் வாசகி: கழிவறையில் மஞ்சள் கறை போகவில்லை. ஆசிட் ஊற்றி, மேலே பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமாமே?

செய்யவே செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடரில் இருப்பது ஹைப்போகுளோரைட். அதில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால், குனிந்து தேய்ப்பவரின் முகத்தருகிலேயே தங்கும். கண் எரியும், இருமல் பிடிக்கும். கூடுதலாகச் சுவாசித்துவிட்டால் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் அந்த மஞ்சள் பெரும்பாலும் உப்பும் இரும்பும்தான். அதைக் கரைக்க அமிலம் மட்டும் போதும். பிளீச்சின் வேலை கிருமியைக் கொல்வது, உப்புப் படிவை அது கரைக்காது. இன்று ஒன்று, நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகு நாளை மற்றொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் கலந்துவிட்டால் அங்கேயே நின்று கழுவ முயல வேண்டாம். கதவைத் திறந்தபடி விட்டு வெளியே வாருங்கள். மூச்சு வாங்கினால் 108.

கரூர் வாசகர்: நாங்கள் ஆசிட் வாங்குவதில்லை, ஹார்பிக்தான். அதோடு பிளீச் சேர்க்கலாமா?

ஹார்பிக்கில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். கூடாது.

பிளீச்சோடு வினிகர்? எலுமிச்சைச் சாறு? (மூன்று பேர்)

இரண்டும் அமிலம். முதல் பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில் வாசகி: சமையல் சோடாவும் வினிகரும்?

ஆபத்தில்லை, பெரிய பயனும் இல்லை. நுரைத்து முடிந்ததும் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர்தான் மிஞ்சும். ஆனால் கலந்து பாட்டிலில் மூடி வைக்காதீர்கள், உள்ளே சேரும் வாயு பாட்டிலை வெடிக்க வைக்கும்.

பரமக்குடி வாசகர்: ரேஷனில் மண்ணெண்ணெய் குறைவாகத்தான் கிடைக்கிறது. ஸ்டவ்வில் கொஞ்சம் பெட்ரோல் கலந்து ஊற்றினால் என்ன? கால் பங்குதான்.

கால் பங்கு வேண்டாம், ஒரு மூடி அளவும் வேண்டாம். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே அந்த அளவுக்கு ஆவி விடும். இரண்டையும் கலந்தால் முதலில் ஆவியாவது பெட்ரோல்தான். அதனால் பெட்ரோலின் அளவு சிறிதாக இருந்தாலும், தீப்பற்றும் விஷயத்தில் மொத்தக் கலவையும் பெட்ரோல் போல நடந்துகொள்ளும். அந்த ஆவி கனமானது, தரையோடு ஊர்ந்து போய் தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தொடும். பம்ப் ஸ்டவ் என்றால் அடைபட்ட தொட்டி, அழுத்தம், சூடு மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. தயவுசெய்து யாருக்கும் இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில் எதையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது தண்ணீர், இல்லாவிட்டால் கலர். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஓசூர் வாசகர்: பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தே விற்கிறார்கள். அதனால் என் பைக்கின் மைலேஜ் 20 சதவீதம் விழுந்துவிட்டது. இது எப்படிப் பாதுகாப்பான கலவை?

எத்தனால் பெட்ரோலில் முழுதாகக் கரையும். கலவை என்ற அளவில் பிரச்சினை இல்லை. மைலேஜுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் 21. எட்டுக்கு இரண்டு என்று கலந்தால் 30-ஐ ஒட்டி வரும். கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 7 சதவீதம் குறைவு. முன்பு நீங்கள் போட்ட 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் அதில் பாதிதான். மிச்சத்துக்கு டயர் காற்றையும் கார்புரேட்டரையும் பாருங்கள்.

சேலம் வாசகர் (மேலுள்ள பதிலுக்கு): எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். மைலேஜ் குறையவே குறையாது, நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

ஆக்டேன் வேறு, ஆற்றல் வேறு. என்ஜினுக்குள் எரிபொருள் முன்கூட்டியே தானாகப் பற்றித் தட்டாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை ஆக்டேன் சொல்கிறது. அந்த அழுத்தத்துக்கென வடிவமைத்த என்ஜினில் நீங்கள் சொல்லும் லாபம் ஓரளவு கிடைக்கும். பத்து வருடப் பழைய பைக் அப்படி வடிவமைத்ததல்ல. பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், சீல்கள் கெடவும் வாய்ப்பு உண்டு. இதைச் சொல்வது பயமுறுத்தல் ஆகாது.

ஓசூர் வாசகர் (மறுபடியும்): பாட்டிலில் பெட்ரோலும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினேன். அடியில் தண்ணீர் கூடியிருந்தது. பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா?

கூடியது தண்ணீர் இல்லை. பெட்ரோலைவிடத் தண்ணீரோடு சேரத்தான் எத்தனாலுக்கு விருப்பம் அதிகம், அதனால் கீழே இறங்கிவிட்டது. நல்ல பெட்ரோலிலும் அப்படித்தான் ஆகும். இதனால்தான் மழைக்காலத்தில் டேங்க் மூடியின் சீலைப் பார்க்கச் சொல்கிறேன். தண்ணீர் போதுமான அளவு உள்ளே போனால் உங்கள் டேங்கிலும் இதே பிரிவு நடக்கும், வண்டி நிற்கும். வீட்டில் பெட்ரோலைக் குலுக்கும் சோதனை இனி வேண்டாம்.

திருவாரூர் வாசகர்: இரண்டு பூச்சிமருந்துகளைச் சேர்த்து அடிக்கலாமா?

என் துறை இல்லை. மருந்தின் பெயர்களோடு வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

பெட்ரோல் காரில் டீசல் போட்டுவிட்டார்கள்.

சாவியைத் திருப்பாதீர்கள். தள்ளிக்கொண்டு போய் டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

பினாயிலோடு ஆசிட்? பிளீச்சோடு டெட்டால்? லைசாலோடு பிளீச்?

கூடாது, கூடாது, கூடாது. கலந்தால் சக்தி கூடும் என்ற எண்ணத்தை விடுங்கள். ஒவ்வொன்றும் தனியாகவே வேலை செய்யும்படிதான் தயாரிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரைத் தவிர எதையும் சேர்க்காதீர்கள்.

உடுமலை வாசகர்: புல்வெட்டும் கருவிக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்கச் சொல்கிறார்கள். அதாவது கலக்கலாமா?

கலக்கத்தான் வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனி ஆயில் ஏற்பாடு கிடையாது, பெட்ரோலோடு போகும் எண்ணெய்தான் மசகு. 50-க்கு 1 என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40. டூ ஸ்ட்ரோக் ஆயில் மட்டும், காருக்கு ஊற்றும் ஆயில் வேண்டாம். என்ஜின் ஆறிய பிறகு வெட்டவெளியில் ஊற்றுங்கள். கலந்து மிஞ்சியதை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வைக்காமல், பெயர் எழுதிய எரிபொருள் கேனில் வையுங்கள்.