கஞ்சாவால் வந்த மனநோயா, மனச்சிதைவு நோயா?

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது, பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு ஆண்டுகளாகக் கஞ்சா புகைத்து வந்திருக்கிறான் என்பதே எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மூன்று மாதங்களாகத் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். எதிர்வீட்டார் தன் செல்போனை ஒட்டுக்கேட்பதாகச் சொல்கிறான். முதலில் பார்த்த மருத்துவர், இது கஞ்சாவால் வந்த மனநோய் என்றார். ஆறு வாரம் கழித்துப் பார்த்த வேறொருவர், மனச்சிதைவு நோயாக (ஸ்கிசோஃப்ரினியா) இருக்கலாம் என்று சீட்டில் எழுதியிருக்கிறார். யார் சொல்வது சரி? கஞ்சாவை விட்டுவிட்டான் என்பதால் மாத்திரையை நிறுத்தலாமா? – வாசகி, பெரம்பூர்.

பதில்: சகோதரி, இரண்டு மருத்துவர்களும் தாங்கள் பார்த்த நாளில் தெரிந்ததை வைத்துச் சரியாகவே சொல்லியிருக்க வாய்ப்புண்டு. இந்த இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அவற்றை எடுக்கச் சொல்வது வலிப்பு, தைராய்டு, மூளைக் காய்ச்சல் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்வதற்காகவே. இங்கே நோயைப் பிரித்துக் காட்டுவது நாட்கணக்குதான்.

கஞ்சா புகைக்கும் காலத்திலோ, விட்ட சில நாட்களிலோ தொடங்கி, முழுமையாக விட்டபின் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும், யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்களையும் சந்தேகங்களையும் போதைப்பொருளால் வந்தவை என்று கொள்வோம். ஒரு மாதத்தைத் தாண்டியும் அவை நீடித்தால், போதைக்கு அப்பாற்பட்ட நோயாக இருக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களைக் கணிப்பதற்கான டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, மனச்சிதைவு என்று உறுதியாகச் சொல்வதற்கு நோயின் அடையாளங்கள் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்ந்திருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு மூன்று மாதங்களே ஆகியிருப்பதால், இரண்டாவது மருத்துவர் ‘இருக்கலாம்’ என்று எழுதியதில் ஒரு நிதானம் தெரிகிறது.

ஆகவே அடுத்த முறை செல்லும்போது ஒரு தாளில் தேதிவாரியாகச் சிலவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அவன் எப்படி இருந்தான்? கஞ்சாவைத் தொடும் முன்பே நண்பர்களை விட்டு ஒதுங்கினானா, குளிப்பதில் அக்கறை குறைந்ததா, இரவெல்லாம் விழித்திருந்தானா? கூடா நட்புதான் கெடுத்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் சிலருக்கு நோயின் முதல் தடுமாற்றம் முன்பே வந்து, அந்தப் படபடப்பை அடக்கத்தான் கஞ்சாவைத் தேடிப் போயிருப்பார்கள். கடைசியாகப் புகைத்தது எப்போது, அதற்குப் பின் குரல்கள் குறைந்தனவா என்பவையும் அதே தாளில் இருக்கட்டும். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் மனநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையை வைத்து வீட்டில் விசாரணை நடத்த வேண்டாம். நாள்தோறும் புகைத்தவருக்கு, நிறுத்திச் சில வாரங்கள் ஆனபின்பும் கஞ்சா இருப்பதாகவே முடிவு வரக்கூடும். அதனால் அவன் பொய் சொல்கிறான் என்று ஆகிவிடாது.

கஞ்சாவுக்கு அடிமையாவதும் தனியாகக் கணிக்கப்படும் ஒரு நோய். அளவு கூடிக்கொண்டே போவது, விட முயன்றும் முடியாமல் போவது, படிப்பு கெட்டும் தொடர்வது என அதற்கு 11 அடையாளங்கள் உள்ளன. ஓராண்டுக்குள் இரண்டு தென்பட்டாலே கணக்கில் எடுப்போம். ஒருவருக்கு இரண்டு நோய்களும் சேர்ந்தே இருக்கலாம். ‘முதலில் போதையை விட்டுவிட்டு வாருங்கள்’ என்று ஓரிடத்திலும், ‘முதலில் மனநோயைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்’ என்று மற்றோரிடத்திலும் அலைக்கழித்தால் அதை ஏற்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே குழு சிகிச்சை தருவதுதான் முறை. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் இரண்டையும் பார்க்கிறார்கள். அந்த ஊர்ப்பெயரை வைத்து இந்த நகரம் செய்யும் கேலியாலேயே பல குடும்பங்கள் அங்கே போகத் தயங்குகின்றன என்பது என் வருத்தம். சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். நோயாளியின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை.

மாத்திரையைப் பொறுத்தவரை, நீங்களாக நிறுத்தவே கூடாது. நோயின் பெயர் முடிவாகும்வரை சிகிச்சை காத்திருப்பதில்லை. கஞ்சாவால் வந்த மனநோயோ, மனச்சிதைவோ, எதுவாக இருந்தாலும் இப்போதைக்கு மருந்து பெரும்பாலும் ஒன்றேதான். கஞ்சாவால் மனநோய் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு உறுதியாகிறது என்று ஆய்வுகள் காட்டுவதால், முற்றிலும் தெளிந்துவிட்டாலும் சில ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதனைக்கு வருவது அவசியம். எப்போது, எந்த அளவில் குறைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடல் விறைப்பு, நடுக்கம், மிகுந்த தூக்கம் என்று தொல்லை இருந்தால் அதைச் சொல்லுங்கள்; மருந்தை மாற்றிக் கொடுக்க வழி உண்டு.

சாகப் போவதாகப் பேசினாலோ, யாரையாவது தாக்கும்படி குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, உணவையும் உறக்கத்தையும் அறவே விட்டாலோ, அடுத்த தேதிவரை பொறுத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.