பத்துப் பேர், நான்கு இரவு, இரண்டு பர்னர்

வணக்கம் அக்கா,

நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு காட்டேஜில் நான்கு இரவு தங்கப் போகிறோம். இரவுச் சாப்பாட்டை நாங்களே சமைத்துக்கொள்வதாக முடிவு. திட்டம் போடும் வேலை வழக்கம்போல என் தலையில். போன தடவை தினமும் மூன்று வகை செய்யலாம் என்று ஆசைப்பட்டு, நான் அடுப்படியிலேயே கிடந்தேன். வெளியே மற்றவர்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்று பேர் சைவம், இரண்டு பேர் காரம் தொடமாட்டார்கள், ஒருவருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. அங்கே இரண்டு பர்னர் அடுப்பும் சின்ன ஃப்ரிட்ஜும்தான் இருக்கிறதாம். சுலபமாக என்ன சமைக்கலாம்? வாட்ஸாப் குழுவில் கேட்டால் எல்லோரும் 'எதுவானாலும் ஓகே' என்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

'எதுவானாலும் ஓகே' என்கிறவர்கள்தான் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் 'ஓ, இதுவா?' என்பார்கள். அவர்களிடம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பதை விடுங்கள். எந்த ராத்திரி உங்களுடையது என்று கேளுங்கள். இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று என்று பிரித்தால் நான்கு குழு. அந்த ராத்திரிக்கு என்ன செய்வது, என்ன வாங்குவது, எத்தனை மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பது எல்லாம் அந்தக் குழுவின் பாடு. பாத்திரம் கழுவுவது மட்டும் மறுநாள் சமைக்கப் போகிற குழு. நாளைக்குச் சுத்தமான சமையலறை வேண்டியது அவர்களுக்குத்தானே, அதனால் ஒழுங்காகக் கழுவுவார்கள். நாலாவது ராத்திரிப் பாத்திரம் முதல் குழுவுக்கு.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த இரண்டு பர்னர்தான். என்ன சமைக்கலாம் என்பதை உங்கள் நண்பர்களைவிட அதுதான் தீர்மானிக்கும். ஒருமுறை நாங்கள் பன்னிரண்டு பேர் போயிருந்தோம். நூடுல்ஸ்தானே, பத்து நிமிஷ வேலை என்று பெரிய பாத்திரத்தில் பத்து லிட்டர் தண்ணீர் வைத்தோம். வீட்டு அடுப்பின் சாதாரண பர்னரில் அவ்வளவு தண்ணீர் கொதிக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் இன்னும் தாமதம். தண்ணீர் கொதிக்கும்போது இரண்டு பேர் சோபாவில் தூங்கிவிட்டார்கள். அங்கே மின்சாரக் கெட்டில் இருந்தால் விடாதீர்கள்: ஒன்றரை லிட்டரை ஐந்தாறு நிமிடத்தில் கொதிக்கவைத்துத் தந்துவிடும், அதைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

காட்டேஜ் மலை மேல் என்றால் இன்னொரு விஷயம். உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 2000 மீட்டரில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. குக்கர் எடுத்துப் போங்கள், பயறு வகைகளை முந்தின நாள் ராத்திரியே ஊறவையுங்கள்.

சரி, நான்கு இரவு. பயணக் களைப்போடு போய் இறங்குகிற முதல் ராத்திரி, அங்கே யாரும் வெங்காயம் நறுக்கக் கூடாது. கெட்டியான காய்கறிக் குழம்பு ஒன்றை வீட்டிலேயே செய்து, ஆறவைத்து, தட்டையான டப்பாக்களில் உறையவைத்து ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள். வழியெல்லாம் அதுவே ஐஸ் மாதிரி மற்றதைக் குளிராக வைத்திருக்கும். போனதும் நன்றாகக் கொதிக்கச் சூடாக்கிச் சோறோ ரொட்டியோ வைத்துக்கொண்டால் முடிந்தது. இறைச்சி இரண்டாம் ராத்திரிக்கு, அதையும் உறையவைத்தே எடுத்துப் போங்கள். மசாலா தடவிய கோழித் துண்டுகளை, ஒழுகாத டப்பாவில், பெட்டியின் அடியில் வையுங்கள். வெளியே கரி அடுப்பு இருந்தால் அன்றைக்கு அதில் சுடலாம், கூடவே உருளைக்கிழங்கு, சோளம். வாணலியில் என்றால் ஒரே நடையில் எல்லாத் துண்டையும் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்து கிடக்கும், வறுபடாது. மூன்றாம் நாள் ஒரே பாத்திரத்தில் சோறும் காய்கறியும். கடைசி நாள் முட்டை, மிச்சமிருக்கிற முட்டைக்கோஸ், கேரட், ரொட்டி. கீரையும் தக்காளியும் அதற்கு முன்னாலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

சைவம், காரம் பஞ்சாயத்துக்கு இரண்டு சமையல் தேவையில்லை. அடிப்படை எப்போதும் சைவமாக, காரம் இல்லாமல் இருக்கட்டும். கோழி, வேகவைத்த முட்டை, மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். அவரவர் தட்டில் அவரவர் போட்டுக்கொள்ளட்டும்.

வேர்க்கடலைக்கு மட்டும் இந்தத் தாராளம் கூடாது. 'தனியாக வைத்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொல்வார்கள். பத்துக் கைகளும் ஒரே கரண்டியும் இருக்கிற இடத்தில் தனி என்று ஒன்று கிடையாது. அந்த நான்கு நாளும் கடலையும் கடலை எண்ணெயும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம், கொறிக்க வாங்குகிற பாக்கெட் உட்பட. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அளவு கேட்பீர்கள். ஆளுக்கு 100 கிராம் அரிசி, ஆக 1 கிலோ. நாள் முழுக்க நடந்துவிட்டு வந்தால் இன்னும் 200 கிராம். அரிசி, பருப்பு மாதிரி உப்புகிற எதையும் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. 5 லிட்டர் குக்கரில் அரைக்கிலோ அரைக்கிலோவாக இரண்டு நடை வைத்துவிடுங்கள். நான்கு பேர் குறிப்பைப் பத்துப் பேருக்குப் பெருக்கும்போது உப்பு, மிளகாயை மட்டும் கணக்குப்படி போடாமல், முக்கால் பங்கு போட்டு ருசி பார்த்துச் சேருங்கள்.

சோறு மிஞ்சினால் பேச்சு சுவாரசியத்தில் விடியும்வரை மேடையில் விட்டுவிடாதீர்கள். சமைத்தபின்னும் பிழைத்திருக்கிற ஒரு வகைக் கிருமி அதில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். உங்களுடையதோ சின்ன ஃப்ரிட்ஜ். அதனால் கொஞ்சம் குறைவாகவே சமையுங்கள், பசி மிச்சமிருப்பவர்களுக்கு ரொட்டி இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் காட்டேஜ்காரரிடம் சமையலறை அலமாரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இருப்பதிலேயே பெரிய பாத்திரம் எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். 'எல்லா வசதியும் உண்டு' என்றால் நான்கு தட்டும் ஒரு பொரியல் சட்டியும் என்று அர்த்தம். வாடகை வீட்டுக் கத்தியை நான் நம்புவதே இல்லை. தக்காளி மேல் வைத்தால் தோல் கிழியாது, தக்காளி நசுங்கி விதை சட்டையில் தெறிக்கும். சொந்தக் கத்தி, நறுக்கும் பலகை, பெரிய கரண்டி, லைட்டர், பாத்திரம் தேய்க்கிற நார், உப்பு, எண்ணெய். இத்தனையும் ஒரே பையில் போகட்டும்.

முதல் ராத்திரியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை வீட்டிலேயே முடிந்துவிடும், அங்கே சூடாக்கினால் போதும். அப்புறம் மூன்று ராத்திரியும், கடைசியில் பாத்திரம் கழுவுகிற முறை வரும்வரை, சமையலறைக் கதவைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். குழம்பில் உப்பு குறைவாக இருக்கும், இருக்கட்டும். நிச்சயம் யாராவது உள்ளேயிருந்து 'அரிசிக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்?' என்று கத்துவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லுங்கள்.