அக்கா மகள் குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள் என்று கேட்டவருக்கு
16 வயது அக்கா மகள் இரண்டு முறை வீட்டை விட்டுப் போனதால் குழந்தைகள் நலக் குழு (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் அரசுக் குழு) அவளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிட்டது, எப்படிக் கூட்டி வருவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீர்கள், அது ஜெயிலும் இல்லை, தண்டனையும் இல்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 15 நாளுக்குள் குடும்பச் சூழலை விசாரித்து முடிக்க வேண்டும், அந்த அறிக்கையை வைத்துத்தான் 4 மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போடும். விசாரிக்க வருபவரிடம் எதையும் மறைக்காதீர்கள். அப்பாவின் குடிதான் காரணம் என்றால் அதையே சொல்லுங்கள், அப்புறம் அவளை உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி மனு எழுதிக் கொடுங்கள், தகுந்த உறவினரிடம் விட குழுவுக்கு அதிகாரம் உண்டு. குழு இழுத்தடித்தால் கலெக்டரிடம் புகார் கொடுக்கலாம். முதலில் அனுமதி வாங்கி அவளைப் போய்ப் பாருங்கள், ஏன் ஓடினாய் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.