ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது 'கீச்' சத்தம் வருகிறது. எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது?

எதன் மேலும் ஸ்ப்ரே அடிப்பதற்கு முன், சத்தம் பிறக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஸ்டியரிங் வீலில் தொடங்கி டயர் வரை உரசக்கூடிய இடங்கள் ஏழெட்டு இருக்கின்றன. சத்தம் ஸ்டியரிங் தண்டு வழியாக மேலே ஏறி வருவதால், கீழே இருக்கும் பழுதுகூடக் கையருகில் இருப்பதுபோல்தான் கேட்கும்.

முதல் சோதனைக்குச் செலவில்லை. சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஸ்டியரிங் லாக் விழாதபடி சாவியை ஆன் நிலையில் விட்டு, இருபுறமும் கால் சுற்று மெல்லத் திருப்புங்கள். கனமாக இருக்கும், பரவாயில்லை. அப்போதும் கீச்சிட்டால் பெல்ட்டும் பவர் ஸ்டியரிங் பம்ப்பும் காரணமில்லை. ஸ்விஃப்ட், டியாகோ போன்ற இன்றைய சிறு கார்களில் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் என்பதால் அந்தப் பம்ப் கிடையவே கிடையாது, ஸ்டியரிங்குக்காக பெல்ட் ஓடுவதுமில்லை. யாராவது "ஸ்டியரிங் ஆயில் குறைஞ்சிருக்கு" என்றால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது சோதனை: ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். இப்போது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சத்தம் அப்படியே இருந்தால் வீல், தண்டு, அதைச் சுற்றியுள்ள ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றில் தேடுங்கள். நின்றுவிட்டால் பாரம் தாங்கும் பாகங்களில் தேட வேண்டும்.

உள்ளே வரும் சத்தத்துக்கு அதிகம் காரணமாகிற, ஆனால் அதிகம் பேர் கவனிக்காத ஒரு பாகம் உண்டு. பிரேக் பெடலுக்கு மேலே, ஸ்டியரிங் தண்டு தரைத்தகட்டைத் துளைத்து எஞ்சின் பக்கம் போகும் இடத்தில் ஒரு ரப்பர் பூட் இருக்கும். அதன் உதடு தண்டைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும். புழுதி ஏறி அந்த இடம் காய்ந்ததும் ஈர ரப்பரைத் தேய்த்தாற்போல் கீச்சிடும். மிதியடியை விலக்கி, டார்ச் அடித்து, ஒருவர் திருப்ப இன்னொருவர் பூட்டின் மேல் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். தண்டை உலர்ந்த துணியால் துடைத்து, உதட்டை லேசாகப் பிரித்து, பட்டாணி அளவு சிலிக்கான் கிரீஸை உள்விளிம்பு முழுக்கத் தடவுங்கள். நாலைந்து முறை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பினால் பரவிவிடும். இங்கே மஞ்சள் சக்கர கிரீஸோ எஞ்சின் ஆயிலோ ஆகாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த வகை ரப்பர் ஊதித் தளர்ந்துவிடும். துருநீக்கும் ஸ்ப்ரே அன்றைக்கு அமைதி தரும். காய்ந்ததும் சத்தம் திரும்பும். எதைத் தடவினாலும் பெடலில் ஒட்டாமல் பாருங்கள், கால் வழுக்கும்.

சுற்றுக்கு ஒரே இடத்தில் மட்டும் உரசினால், வீலின் முதுகும் அதன் பின்னாலுள்ள பிளாஸ்டிக் கவரும் தொட்டுக்கொள்கின்றன. கவரின் அடியிலுள்ள ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, சற்று முன்னே தள்ளி இறுக்கினாலே போதும்.

வீலின் நடுவிலிருந்து சரசரவென்று சத்தம் வந்து, ஹாரன் விட்டுவிட்டு அடித்தாலோ ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ அது கிளாக் ஸ்பிரிங், அதாவது ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா. அதன் மேல் எதுவும் அடிக்காதீர்கள், வீட்டில் கழற்றவும் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்காமல் தொட்டால் ஏர்பேக் வெடிக்கும் ஆபத்து உண்டு. நடுநிலை தவறிப் பூட்டினால் புது கிளாக் ஸ்பிரிங்கும் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துபோகலாம்.

எஞ்சின் ஓடும்போது மட்டும், அதுவும் முழுசாக ஒடிக்கையில் அலறினால் பெல்ட். இது இன்னோவா கிரிஸ்டா, பொலிரோ போன்ற ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) ஸ்டியரிங் வண்டிகளுக்கு. எஞ்சின் ஐடிலில் ஓட, கையும் துணியும் படாத தூரத்திலிருந்து பெல்ட்டின் பல் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சற்று நின்று மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. பெல்ட் பளபளவென்று மின்னினாலோ வெடித்திருந்தாலோ மாற்றுவதுதான் வழி. கீச் இல்லாமல் முனகல் வந்தால் ஆயில் அளவைப் பாருங்கள். மேனுவலில் சொன்ன வகையையே ஊற்றுங்கள். எங்கே ஒழுகியது என்று பார்க்காமல் ஊற்றிப் பயனில்லை.

இனிப் பாரம் தாங்கும் பாகங்கள். வண்டி தரையில் நிற்க, ஒருவர் திருப்பும்போது முன் சக்கரத்துக்கு மேலுள்ள சுருள் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பாருங்கள். அது சீராகத் திரும்பாமல் முறுக்கேறி 'டங்' என்று விடுபட்டால், அந்த ஸ்பிரிங்கின் உச்சியில் அது திரும்ப உதவும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் போய்விட்டது. மழைநீரும் சேறும் புகுந்து துருப்பிடிப்பதால் வரும் கோளாறு இது. கிரீஸ் வைத்து ஓட்டுவது வீண், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறிக்கொண்டு வரும், உயிருக்கே ஆபத்து. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

மால் பார்க்கிங்கின் வழுவழுப்பான பெயிண்ட் தரையில் மட்டும் கீச்சிட்டால் அது டயர். அங்கே சரிசெய்ய எதுவுமில்லை.

கடைசியாக, சக்கரத்தைக் கீழ்க் கையோடு இணைக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டும், சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனி மூட்டான டை ராடு எண்டும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறினால் இவையும் கீச்சிடும். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்டின் ஆட்டமும், இடவலமாக ஆட்டினால் டை ராடு எண்டின் ஆட்டமும் தெரியும். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் அது வீல் பேரிங். பிரேக் மிதித்தும் பால் ஜாயிண்ட் ஆடினால் ஒர்க்‌ஷாப்புக்கும் ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.